முப்பது தாண்டி பேட்மின்டன் கத்துக்கறவங்களுக்கு: அறிகுறியை வச்சு தப்பை பிடிக்கற வழி

கோச்சிங் சேந்து கொஞ்ச மாசம் ஆச்சு, ஒழுங்கா போறீங்க வர்றீங்க, ராக்கெட் ஷூ எல்லாம் வாங்கியாச்சு, ஆனா அடி மட்டும் விழ மாட்டேங்குது, இது அந்த ஸ்டேஜ்ல நிக்கறவங்களுக்கு. சின்ன வயசுலேர்ந்து ஆடறவங்களுக்கு இது தேவைப்படாது, அவங்க உடம்பு கேக்காமலே பல விஷயத்தை செஞ்சு முடிச்சுடும். நாம ஒவ்வொண்ணையும் தனித்தனியா பிடிச்சு சரி பண்ணணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுல தான் நிக்குது. இந்த கேம்ல தப்பு தெரியற இடம் வேற, தப்பு நடந்த இடம் வேற. ஷட்டில் நெட்ல மாட்டினா எல்லாரும் கையைத் தான் குறை சொல்லுவாங்க, ஆனா பெரும்பாலும் கால் லேட்டா வந்திருக்கும், இல்லன்னா அதுக்கும் முன்னாடியே கிரிப் தப்பா இருந்திருக்கும். அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் அடிச்ச நேரத்துலேர்ந்து ஒவ்வொரு படியா பின்னாடி போய் பாருங்க: ராக்கெட் மேல தூக்கி ரெடியா இருந்துச்சா, கால் வந்து சேந்துச்சா, கிளம்பவே லேட் ஆச்சா, கிரிப் எப்படி இருந்துச்சு. அப்புறம் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, ரெண்டை சேத்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

ஃபோனை கோர்ட்டுக்கு பின்னாடி வச்சு ஸ்லோமோஷன்ல ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்துக்கோங்க. பாக்க கஷ்டமா தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். ஆனா நாம என்ன செய்யறோம்னு நினைக்கறதுக்கும் உண்மையில என்ன செய்யறோம்ங்கறதுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்குன்னு அது காட்டற மாதிரி வேற எதுவும் காட்டாது.

முதல்ல சாமானை செக் பண்ணுங்க

உங்களை திட்டிக்கறதுக்கு முன்னாடி ஷட்டிலை பாருங்க. நைலான் ஷட்டில்ல தலை பக்கம் ஒரு கலர் பட்டை இருக்கும், பச்சைன்னா ஸ்லோ, நீலம் நடுத்தரம், சிவப்பு ஃபாஸ்ட். இறகு ஷட்டில்ல 76, 77, 78னு நம்பர் இருக்கும், நம்பர் கூடினா வேகம் கூடும். வெயில் காலத்துலயும் மலைமேலயும் காத்து லேசா இருக்கறதால ஷட்டில் தூரமா போகும், அங்க ஸ்லோ ஷட்டில் வேணும். டெஸ்ட் பண்ண விதிப்புத்தகத்துலயே வழி இருக்கு: பின்கோட்டுல நின்னு கீழேர்ந்து மேல முழு வீச்சா அடிச்சா, எதிர்ப்பக்க பின்கோட்டுக்கு 53லேர்ந்து 99 சென்டிமீட்டர் உள்ள விழணும். ஆனா நல்லா அடிக்கத் தெரிஞ்சவர் தான் அடிச்சு பாக்கணும், நாம அடிச்சா டெஸ்ட் ஆகறது ஷட்டில் இல்ல, நாம தான்.

ஸ்ட்ரிங் டென்ஷன், அதாவது ராக்கெட் நரம்பை எவ்ளோ இறுக்கி கட்டறாங்கங்கறது, 20லேர்ந்து 24 பவுண்டு போதும். யாரோ பெரிய பிளேயர் 30 போடறாருன்னு போட்டா, நடுவுல படாத ஒவ்வொரு அடியும் முழங்கைக்கு போகும், ஷட்டிலும் போகாது. ரன்னிங் ஷூ போட்டு ஆடறீங்கன்னா இன்னிக்கே நிறுத்துங்க. அதோட சோல் தடிமனா மெத்துன்னு நேரா ஓடறதுக்காக செஞ்சது, சைடுல கால் வைக்கும்போது கணுக்கால் மடங்கும்.

"கிளியர் அடிச்சா பாதி கோர்ட்டுலயே விழுது"

கிளியர்னா உயரமா தூக்கி எதிராளியோட பின்கோட்டு பக்கம் அனுப்பற அடி. அடல்ட் பேட்ச்ல பாதிப் பேரோட புலம்பல் இது தான். உடனே எல்லாரும் செய்யறது இன்னும் பலமா அடிக்கறது, அது தான் இருக்கறதுலயே மோசமான வைத்தியம்.

முதல் செக், கிரிப். ராக்கெட் முகம் நெத்திக்கு நேரா பாக்கற மாதிரி பிடிச்சிருக்கீங்களா? அது பான்ஹேண்டில் கிரிப், நெட்டுக்கு பக்கத்துல ஷட்டிலை அமுக்க நல்லா இருக்கும், பின்னாடி கோர்ட்டுலேர்ந்து தூரமா அனுப்ப உதவாது. ஏன்னா பவர் வர்றது மணிக்கட்டை மடக்கறதுனால இல்ல, முன்கை உள்பக்கமா சுழலறதுனால, மேல்கையும் தோள்லேர்ந்து கூடவே திரும்பும். பான்ஹேண்டில்ல பிடிச்சுட்டு முன்கையை சுழட்டினா ராக்கெட் முகம் சைடுக்கு திரும்பிடும், அதனால உடம்பு தானாவே சுழட்டலை கட் பண்ணிட்டு கையை விறைப்பா வச்சு தள்ள ஆரம்பிக்கும். ராக்கெட்டை குத்துவாட்டுல வச்சு கை குலுக்கற மாதிரி பிடிங்க, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வர்ற வி வடிவம் கைப்பிடியோட சின்ன பட்டை மேல உக்காரணும்.

ரெண்டாவது, எவ்ளோ இறுக்கமா பிடிக்கறீங்க. ஆட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல முன்கை கல்லு மாதிரி ஆச்சுன்னா அளவுக்கு மேல இறுக்கறீங்கன்னு அர்த்தம். விரல்கள் லூஸா இருக்கணும், ஷட்டில் படற அந்த ஒரு நொடிக்கு மட்டும் இறுகி திரும்ப விட்டுடணும். இது சொல்லி வராது, சத்தத்தை வச்சு கத்துக்கலாம். சரியா பட்டா கூரை வரைக்கும் கேக்கற மாதிரி சுருக்குன்னு ஒரு வெடிச் சத்தம் வரும், தள்ளினா மந்தமா தொப்புனு கேக்கும். கண்ணை மூடிட்டு பக்கத்து கோர்ட் சத்தத்தை கேட்டாலே யாருக்கு எத்தனை வருஷ பழக்கம்னு ஓரளவு சொல்லிடலாம்.

மூணாவது, எந்த இடத்துல அடிக்கறீங்க. வீடியோவை ஷட்டில் படற ஃபிரேம்ல நிறுத்துங்க. கை கிட்டத்தட்ட நீண்டு, ஷட்டில் தலைக்கு கொஞ்சம் முன்னாடி உயரத்துல இருந்தா நல்லது. முழங்கை மடங்கி ஷட்டில் காதுக்கு பக்கத்துலயோ தலைக்கு பின்னாடியோ இருந்தா கைக்கு அங்க செய்ய ஒண்ணும் இல்ல, நீங்க ஷட்டிலுக்கு அடியில போய் சேரல. அடுத்த செக்கே அது தான்.

நாலாவது, எப்படி பின்னாடி போறீங்க. பெரும்பாலான பெரியவங்க நெட்டை பாத்துட்டே குட்டி குட்டி ஸ்டெப்பா பின்னோக்கி ஓடுவாங்க. ஸ்லோவும் ஆகும், சமயத்துல மல்லாக்க விழவும் வைக்கும், இந்த வயசுல அப்படி கையை ஊனி விழுந்தா மணிக்கட்டு போயிடும். முதல் அசைவே இடுப்பை திருப்பறதா இருக்கணும், ராக்கெட் பக்க கால் பின்னாடி போய் உடம்பு சைடுவாட்டுல நிக்கணும், அப்புறம் சைடு ஸ்டெப்லயே போகணும். சைடுல நின்னா தான் அடிக்கும்போது இடுப்பும் தோளும் சுழல இடம் கிடைக்கும்.

இத்தனையும் ஒண்ணா சரி பண்ண ஒரு டிரில் இருக்கு, பாக்க சிறுபிள்ளைத்தனமா இருக்கும். எங்க பேட்ச்ல ஒரு அண்ணன், நல்ல உடம்பு, தோள் பலம் எல்லாம் உண்டு, ஆனா கிளியர் சர்வீஸ் லைனை தாண்டாது. கோச் அவர் கையிலேர்ந்து ராக்கெட்டை வாங்கி ஓரமா வச்சுட்டு ஒரு கூடை பழைய ஷட்டிலை கொடுத்து, பின்கோட்டுலேர்ந்து நெட்டுக்கு மேல எறிங்கன்னுட்டார். முதல் சில ஷட்டில் நெட்டுக்கு முன்னாடியே விழுந்துச்சு, ஏன்னா நேரா நின்னு முழங்கையை கீழ விட்டு குண்டு எறியற மாதிரி தள்ளிட்டு இருந்தார். கோச் அவர் முழங்கையை மட்டும் ஒரு விரலால தோள் உயரத்துக்கு தூக்கி விட்டார், வேற ஒரு வார்த்தை பேசல. கொஞ்ச நேரத்துல உடம்பு தானா சைடுக்கு திரும்புச்சு, இடது கை பேலன்ஸுக்கு மேல வந்துச்சு, ஷட்டில் நெட்டை தாண்ட ஆரம்பிச்சுது. லேசான பொருளை தூரமா எறியணும்னா உடம்பு வேற வழியில்லாம சரியா தான் எறியணும், அது தான் இதுல விஷயம். அப்புறம் ராக்கெட்டை கையில கொடுத்து அதே மாதிரி செய்யச் சொன்னார். எறியவே வராதவங்களுக்கு கிளியர் வராது, சின்ன வயசுல பந்து எறிஞ்சு விளையாடாத எவ்ளோ பேருக்கு இது தான் அசல் காரணம்னு தெரியாமலே போயிடுது.

"ஃபிரேம்ல படுது, இல்ல காத்துல வீசிட்டு போகுது"

ஓவர்ஹெட்ல, அதாவது தலைக்கு மேல அடிக்கற அடில மட்டும் நடந்தா, அநேகமா ரொம்ப சீக்கிரம் வீசறீங்க. ஷட்டில் பந்து மாதிரி வராது, மேல போய் வேகம் செத்து கடைசில கிட்டத்தட்ட நேரா கீழ இறங்கும், கண்ணுக்கு அது பழக நேரம் எடுக்கும். ராக்கெட் இல்லாத கையை ஷட்டிலை நோக்கி நீட்டுங்க, அது இறங்கற பாதையை கண் விடாம பிடிக்கும். எல்லா அடியிலயும் நடந்தா அடிக்கறதுக்கு ஒரு கணம் முன்னாடியே எதிராளி பக்கம் பாக்கறீங்க, வீடியோல தலை திரும்பறது தெரியும். கண்ணாடி போடறவங்க பவர் மாறிருக்கான்னு பாத்துக்கோங்க, நடுவயசுல இது நிஜமாவே ஒரு காரணம்.

"பேக்ஹேண்ட் வரவே மாட்டேங்குது"

எந்த பேக்ஹேண்ட்? நெட் பக்கம், நடு கோர்ட்டுல இடுப்பு உயரத்துல வர்றது எல்லாம் வரணும், அங்க வரலன்னா கட்டைவிரலை பாருங்க, அது கைப்பிடியோட அகல பட்டை மேல தட்டையா உக்காந்து தள்ளணும். சுத்தி வளைச்சு பிடிச்சிருந்தா பலம் கிடைக்காது. ஆனா பின் மூலைலேர்ந்து முதுகு காட்டி அடிக்கற பேக்ஹேண்ட் கிளியர் பத்தி கேக்கறீங்கன்னா, இப்போதைக்கு விடுங்க. அதுக்கு மெனக்கெடற நேரத்துல ஒரு ஸ்டெப் சீக்கிரம் கிளம்பி தலையை சுத்தி ஃபோர்ஹேண்டாவே அடிக்கக் கத்துக்கலாம், அது தான் அதிகமா உதவும்.

"சர்வீஸ் உயரமா போய் அடி வாங்கறேன்"

நெட் நடுவுல 1.524 மீட்டர், கம்பத்துல 1.55. முதல்ல உங்க கோர்ட் நெட் தொய்ஞ்சு இருக்கான்னு பாருங்க, தொய்ஞ்ச நெட்ல பழகின சர்வீஸ் வேற கோர்ட்டுல மாட்டும். டபுள்ஸ்க்கு பேக்ஹேண்ட் சர்வீஸ் பழகுங்க, ஷட்டிலை இறகு நுனியில பிடிச்சு விட்டுட்டு அடிங்க, மேல தூக்கிப் போடாதீங்க. ஷட்டிலோட உச்சி நெட்டுக்கு உங்க பக்கமே வந்துட்டு, நெட்டை தாண்டும்போது இறங்க ஆரம்பிச்சிருக்கணும், அது தான் குறி. விதிப்படி அடிக்கற நேரத்துல முழு ஷட்டிலும் தரையிலேர்ந்து 1.15 மீட்டருக்கு கீழ இருக்கணும், 2018ல இந்த அளவு வந்துச்சு, அதுக்கு முன்ன இடுப்பை வச்சு பாத்தாங்க. சும்மா ஆடற இடத்துல யாரும் அளந்து பாக்க மாட்டாங்க, இருந்தாலும் நெஞ்சு உயரத்துல வச்சு அடிச்சு பழகிட்டு அப்புறம் டோர்னமென்ட்ல சண்டை போடாதீங்க.

இதை தனியாவே பழகலாம். அப்படியும் யாரும் பழகறதில்ல.

"எல்லாத்துக்கும் ஒரு நொடி லேட்"

வயசாச்சு, வேகம் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. சிங்கிள்ஸ்ல கோர்ட்டோட நம்ம பாதி 6.7 மீட்டர் நீளம், 5.18 அகலம், நடுவுல நின்னா எந்த மூலையும் நாலு மீட்டர் சுமாருக்குள்ள தான், அதுலயும் கையும் ராக்கெட்டும் ஒரு பங்கை மூடிடும். இவ்ளோ கம்மி தூரத்துல கால் வேகம் பெரிய விஷயம் இல்ல, எப்ப கிளம்பறோம்ங்கறது தான் விஷயம்.

வீடியோவை எதிராளியோட ராக்கெட்ல ஷட்டில் படற ஃபிரேம்ல நிறுத்துங்க. அந்த நேரத்துல உங்க ரெண்டு குதிகாலும் தரையில அப்பியிருந்தா அது தான் தொலைஞ்ச நொடி. எதிராளி அடிக்கப் போறப்போ ஒரு சின்ன துள்ளல், அவர் அடிக்கற நேரத்தை ஒட்டி முன்பாதத்துல வந்து இறங்கணும், இதைத் தான் ஸ்ப்ளிட் ஸ்டெப்னு சொல்றாங்க. இறங்கும்போது முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கறதால எந்த பக்கமும் தள்ளி கிளம்ப முடியும்.

ஸ்ப்ளிட் ஸ்டெப் இருந்தும் லேட்டா? அப்ப நீங்க அடிச்ச ஷாட்டை நின்னு ரசிச்சுட்டு இருக்கீங்க. நல்ல ஷாட் அடிச்சவுடனே தான் இது அதிகம் நடக்கும், கவனிச்சு பாருங்க. அதுவும் இல்லன்னா, நீங்க அடிக்கற அடியே உங்களுக்கு நேரம் கொடுக்கல. பின் மூலைல பேலன்ஸ் இல்லாம மாட்டிட்டு ஃபிளாட்டா அடிச்சா ஷட்டில் அடுத்த வினாடியே திரும்ப வரும், உயரமா ஆழமா தூக்கி விட்டா மூச்சு விட்டு நடுவுக்கு வரலாம். சீக்கிரம் மூச்சு வாங்கறவங்களுக்கும் முக்கால்வாசி இதே மருந்து தான்.

"டிரில்ல எல்லாம் வருது, மேட்ச்ல ஒண்ணும் வரல"

கோச் கூடைலேர்ந்து ஒரே இடத்துக்கு ஷட்டில் போட்டுட்டே இருக்கார், நீங்க வரிசையா டிராப் (நெட்டை ஒட்டி மெதுவா விழற அடி) அடிக்கறீங்க, பத்தாவதுலேர்ந்து அழகா விழுது, சந்தோஷமா மேட்ச் ஆடப் போனா அந்த டிராப் காணாம போயிடுது. காரணம் ரொம்ப சாதாரணம், டிரில்ல நீங்க பழகினது அடியோட கடைசி துண்டு மட்டும். என்ன வருது, எங்க வருது, என்ன அடிக்கலாம்ங்கற மூணு கேள்விக்கும் பதில் முன்னாடியே கொடுத்தாச்சு. மேட்ச்ல கஷ்டமே அந்த மூணு தான்.

1979ல ஷியா, மார்கன்னு ரெண்டு பேர் செஞ்ச ஒரு சோதனை இந்த விஷயத்துல ரொம்ப பேசப்படறது. சின்ன மரத் தடுப்புகளை கையால வேறவேற வரிசையில தட்டி விடணும், அவ்ளோதான் வேலை. ஒரு குரூப் ஒரே வரிசையை முடிச்சுட்டு அடுத்ததுக்கு போச்சு, இன்னொரு குரூப் கலந்து கலந்து செஞ்சுது. பழகற நேரத்துல முதல் குரூப் தான் வேகமா இருந்துச்சு, ஆனா பத்து நாள் கழிச்சு திரும்ப வச்சு பாத்தப்போ கலந்து பழகினவங்களுக்கு தான் அதிகம் மிஞ்சியிருந்துச்சு. பிராக்டிஸ்ல அழகா வர்றதும் நிஜமா கத்துக்கறதும் ஒண்ணு இல்ல.

அதுக்காக முதல் நாளே கலக்கச் சொல்லல. புது அடின்னா அதோட வடிவம் கொஞ்சம் பிடிபடற வரைக்கும் ஒரே இடத்துல அடிங்க. பத்துல அஞ்சாறு சரியா விழ ஆரம்பிச்சவுடனே கோச்கிட்ட இடத்தை மாத்தி மாத்தி போடச் சொல்லுங்க, ஒண்ணு பின்னாடி ஒண்ணு முன்னாடி, சொல்லாம. தப்பு கூடும், கூடட்டும். அதுக்கடுத்து பாதி கோர்ட்டுல ரெண்டு பேர், கிளியரும் டிராப்பும் மட்டும் தான்னு கண்டிஷன் வச்சு பாயின்ட் எண்ணி ஆடுங்க. மேட்ச்ல அடிக்கும்போது மணிக்கட்டு, முழங்கைனு உடம்பை நினைக்காதீங்க, ஷட்டில் எங்க விழணும்னு மட்டும் நினைங்க. உடம்பை சரி பண்ற வேலை டிரில்ல இருக்கட்டும்.

"கோச் சொன்னபடி மாத்தினேன், முன்னவிட மோசமாச்சு"

நல்ல சகுனம், அநேகமா. பழைய தப்பான முறைல நீங்க நிறைய ஆடியிருக்கீங்க, அதுக்கு ஏத்த மாதிரி டைமிங் எல்லாம் செட் ஆகியிருக்கு, அடித்தளத்தை உருவினா மேல கட்டினது ஆடத் தான் செய்யும். பிரச்சனை என்னன்னா வாரக் கடைசில ஃப்ரெண்ட்ஸோட மேட்ச் ஆடும்போது தோக்கப் பிடிக்காம பழைய கிரிப்புக்கே போயிடுவோம், திங்கக்கிழமை மறுபடி முதல்லேர்ந்து. ஒரு ரெண்டு மூணு வாரம் மேட்சை குறைச்சுக்கோங்க, இல்ல தோக்கறதுக்கு ரெடியா போங்க. அதுக்கப்புறமும் அதே அளவு மோசமா இருந்தா, இல்ல புது முறைல எங்கயாவது வலி வந்தா, கோச்கிட்ட திரும்ப கேளுங்க, சொன்னது ஒண்ணு நீங்க புரிஞ்சுக்கிட்டது ஒண்ணா இருக்கலாம்.

"கோச் என்னை கவனிக்கறதே இல்ல"

பல கோச்சுகளுக்கு பசங்களை பழக்கித் தான் பழக்கம், பெரியவங்களை உடம்பு குறைக்க வந்தவங்கன்னு நினைச்சு சும்மா ஆட விட்டுடுவாங்க. நீங்க தான் சொல்லணும். "சார் என் ஆட்டம் எப்படி இருக்கு"ன்னு கேட்டா "நல்லா இருக்கு சார், இன்னும் ஆடுங்க"ன்னு தான் பதில் வரும். "இன்னிக்கு என் கிளியர்ல ஒரே ஒரு விஷயம் மாத்தணும்னா எது சார்"ன்னு கேளுங்க, நின்னு பாத்து தான் பதில் சொல்லியாகணும். வீடியோவை காட்டி கேட்டா இன்னும் நல்லது. ஒவ்வொரு கிளாஸ்லயும் புதுசா ஒண்ணு சொல்லி, போன வாரம் சொன்னதை செக்கே பண்ணாத கோச்சைவிட, ஒரே விஷயத்தை மாசக்கணக்கா பிடிச்சு தொங்கற கோச் மேல். எப்படி கேட்டும் ஒண்ணும் கிடைக்கலன்னா வேற பேட்ச் பாருங்க, இதுல சங்கடப்பட ஒண்ணும் இல்ல.

"வலிக்குது"

எங்கன்னு பாருங்க, ஏன்னா இங்கயும் வலிக்கற இடம் வேற, காரணம் வேற.

முழங்கையோட வெளிப்பக்கம், கதவுக் கைப்பிடி திருகினா, டம்ளர் தூக்கினா சுருக்குனு வலி: டென்னிஸ் எல்போ. இறுக்கமான பிடி, கைக்கு ஒத்து வராத கிரிப் தடிமன், கூடுதல் ஸ்ட்ரிங் டென்ஷன், லேட்டா மணிக்கட்டை வச்சு இழுத்து அடிக்கற பேக்ஹேண்ட், இதுல ஒண்ணோ ரெண்டோ இருக்கும். பெல்ட் மாட்டிட்டு அதே மாதிரி ஆடினா அது போகாது. ஆடறதை குறைச்சு காரணத்தை மாத்துங்க, சில வாரத்துல குறையலன்னா ஃபிசியோகிட்ட போங்க.

முட்டி முன்பக்கம்: நெட்டுக்கு லன்ஜ் (ஒரு காலை முன்னாடி நீட்டி வச்சு முட்டியை மடக்கறது) போகும்போது முட்டி உள்பக்கம் சாயுதான்னு பாருங்க. குதிகால் முதல்ல தரையில படணும், பாதமும் முட்டியும் ஒரே திசையை பாக்கணும்.

தோள்: கிளியர் செக்குகளுக்கு திரும்பப் போங்க, தலைக்கு பின்னாடி அடிக்கறவங்களுக்கு தான் இது அதிகம்.

குதிகாலுக்கு மேல, அகிலிஸ்: இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. தசை சீக்கிரம் பலமாகும், தசையை எலும்போட கட்டற நாண் மெதுவா தான் பலமாகும், அதனால ஆரம்பிச்ச சில மாசத்துல ஆட்டம் சூடு பிடிச்சு வாரத்துக்கு ஆறு நாள் போறவங்க தான் மாட்டுவாங்க. நடுவயசுல பேட்மின்டன் ஆடறவங்களுக்கு அகிலிஸ் கிழியறது டாக்டர்களுக்கு நல்லா தெரிஞ்ச கதை. காலைல முதல் சில அடி நடக்கும்போது அந்த இடம் விறைச்சு வலிச்சா அது எச்சரிக்கை, நாளை குறைங்க, படி ஓரத்துல நின்னு குதிகாலை மெதுவா இறக்கற பயிற்சியை ஃபிசியோ சொல்ற அளவுல செய்யுங்க. ஆடும்போது டப்புனு ஒரு சத்தம், பின்னாடி யாரோ உதைச்சாங்கன்னு திரும்பிப் பாத்தா யாரும் இல்ல, நுனிக்கால்ல எழும்ப முடியல, அப்படின்னா ஸ்ப்ரே அடிச்சு மேட்சை முடிக்கற வேலையெல்லாம் வேண்டாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு இறுக்கம், தலைசுத்தல் வந்தாலும் உடனே ஆட்டத்தை நிறுத்திட்டு போங்க.

கோர்ட்டுக்கு வந்ததும் நேரா மேட்ச் ஆடறவங்க தான் இந்த லிஸ்ட்ல முன்னாடி நிப்பாங்க. பத்து நிமிஷம் லேசா ஓட்டம், சைடு ஸ்டெப், லன்ஜ், ராக்கெட் இல்லாம கை வீச்சு, அப்புறம் மெதுவா கிளியர், போதும்.

சின்ன கெண்டைக்கால் பிடிப்போ அகிலிஸ் வலியோ வந்து ஓய்வுல இருந்துட்டு எப்ப திரும்பலாம்னு கேட்டா, ஃபிசியோ சரின்னு சொன்னப்புறமும் ஒத்தைக்கால்ல நின்னு குதிகாலை தூக்கி தூக்கி இறக்கி பாருங்க, ரெண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை வலியில்லாம வர்ற வரைக்கும் குதிச்சு ஸ்மாஷ் அடிக்கற ஆசையை ஒத்தி வைங்க. அதுவரைக்கும் ஒரு கூடை ஷட்டிலை எடுத்துட்டு சும்மா நின்ன இடத்துல சர்வீஸ் பழகுங்க, அது எப்படியும் பாக்கியா தான் கிடக்கும்.